ஈரத்தில் காயும் சிற்பம்

ஜப்பான் போய்வந்த வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "கியோட்டோவில் ஒரு சின்னத் தனியார் கலைக்கூடம். எல்லாம் இன்றைய சிற்பிகள் செய்தவை. கண்ணாடியாய்ப் பளபளத்த ஒரு சிற்பத்தை, உருஷி பூசி ஈரப்பெட்டிக்குள் வைத்துக் காயவைத்தது என்றார்கள். ஈரத்தில் எப்படிக் காயும்? தொட்டால் அரிக்குமா?"

உருஷி ஒரு மரத்தின் பால். மா, முந்திரி, சேராங்கொட்டையின் குடும்பத்து மரம். அந்தப் பாலால் துணியை அடுக்கடுக்காக ஒட்டி உருவம் செய்வது பழைய முறை. ஜப்பானின் நாரா நகரில் கோஃபுகுஜி என்ற புத்தக் கோயிலின் அசுரா சிலை (கி.பி. 734) அப்படிச் செய்ததுதான்: களிமண் உருவத்தின் மேல் துணி ஒட்டி, இறுகியதும் மண்ணை எடுத்துவிட்டார்கள். 2019-இல் லோவே என்ற சர்வதேசக் கைவினைப் பரிசு பெற்ற ஜப்பானியக் கலைஞர் கென்டா இஷிசுகா, களிமண்ணுக்குப் பதில் தெர்மாகோல் பந்துகளை இழுபடும் துணியில் கட்டி, அதன் மேல் இந்த வேலையைச் செய்கிறார்.

சரி, ஈரத்துக்கு வருவோம். சாதாரணமாகக் காய்வது என்றால் தண்ணீர் ஆவியாவது. உருஷி அப்படிக் காய்வதில்லை, இறுகுகிறது. பாலின் பெரும்பகுதி உருஷியோல் என்ற எண்ணெய். அதற்குள் பொடிப்பொடியாய்த் தண்ணீர்த் துளிகள். துளிகளுக்குள்ளே லாக்கேஸ் என்ற நொதி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த நொதி இது. ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு செம்பு அணுக்கள். ஒன்று வாசலில் நின்று, உருஷியோலிடமிருந்து ஒவ்வோர் எலக்ட்ரானாகப் பறித்து உள்ளே தள்ளுகிறது. மற்ற மூன்றும் உள்ளே ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடித்துவைத்திருக்கின்றன. நான்கு எலக்ட்ரான் சேரும்வரை விடுவதில்லை. சேர்ந்ததும் அந்த ஆக்சிஜன் தண்ணீராகிவிடுகிறது. பாதி வேலையில் ஆபத்தான பெராக்சைடு எதையும் வெளியே விடாத சுத்தமான வேலை! எலக்ட்ரானை இழந்த உருஷியோல் சும்மா இருக்காது. பக்கத்தில் உள்ளதோடு கைகோத்து, வலையாகப் பின்னி இறுகுகிறது.

துளிகள் வற்றினால் நொதி முடங்கிவிடும். அதனால்தான் 20-லிருந்து 30 டிகிரி வெப்பத்தில், காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் இருக்கும்படி பெட்டியை வைத்திருக்கிறார்கள். ஈரம் மிஞ்சினாலும் வம்புதான்: மேல்தோல் மட்டும் முந்தி இறுகிச் சுருங்கிவிடும். அப்புறம் தேய்த்தெடுத்து மறுபடி பூச வேண்டும்.

இந்த நொதியின் வேலையை முதலில் கண்டு 1883-இல் எழுதியவர் ஹிகோரோகுரோ யோஷிதா. மரப்பாலை ஆராய்ந்து என்ன லாபம் என்று அன்று யாராவது பணத்தை நிறுத்தியிருந்தால்? இன்று ஜீன்ஸ் துணியை வெளுக்க லாக்கேஸ் பயன்படுகிறது. சாயக் கழிவுநீரின் நிறம் நீக்கவும் உதவுகிறது. உடனடிப் பயன் கேட்டு நிதி தரும் வழக்கம் மாற வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது இதற்காகத்தான்.

அரிப்பு? பச்சை உருஷி பட்டால் தோல் தடித்துக் கொப்பளிக்கும். சேராங்கொட்டைப் பாலும் அப்படியே. கேரளத்தில் அதற்குத் தான்றி மரத்தைச் சுற்றிவரச் சொல்வார்கள். சுற்றாவிட்டாலும் சில வாரங்களில் அது தணியும். காரணம் மரத்தின் கோபமல்ல, நம் நோயெதிர்ப்புச் செல்களின் ஒவ்வாமை. ரொம்பத் தடித்தால் டாக்டரிடம் போங்கள்.

முழுக்க இறுகிய பூச்சில் உருஷியோல் வலைக்குள் கட்டுண்டு கிடப்பதால் அந்தப் பயம் வேண்டாம். ஜப்பானில் இதே பூச்சுப் பூசிய கிண்ணத்தில்தான் மீசோ சூப் குடிக்கிறார்கள். கலைக்கூடத்தார் அனுமதித்தால் தாராளமாகத் தொட்டுப் பாருங்கள்.