“கவனம்தான் காணாது” என்று ஏசுவதற்கு முன்

திருகோணமலையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். புள்ளி குறைந்தால் பெற்றோர் சொல்வது ஒன்றுதான்: “எல்லாம் தெரியும் சேர், கவனம்தான் காணாது.” காரணி காணும் கணக்கில், அதாவது ஒரு கோவையைப் பெருக்கமாக மாற்றி எழுதும் கணக்கில், நான் இதை ஒத்துக்கொள்வதில்லை.

போன கிழமை பாலையூற்றிலிருந்து வரும் பிள்ளை ஒன்று இந்தக் கோவையில் நின்றுவிட்டது. (ஆங்கில எழுத்துக்குப் பதிலாக இங்கே க, ம என்று போடுகிறேன்.)

கம − 3க − 2ம + 6

முதல் சோடியில் க பொது: க(ம − 3). சரி. அடுத்த சோடிக்கு −2(ம + 3) என்று எழுதியிருந்தாள். இரண்டு அடைப்பும் ஒத்துவரவில்லை. அழித்து அழித்துத் தாளே தேய்ந்துவிட்டது. வாசலில் மான் ஒன்று வாழைத்தோல் தின்றுகொண்டு நின்றது. எங்கள் ஊரில் அது புதினமில்லை, அவள் நிமிரவும் இல்லை. இவளையா கவனமில்லை என்பது?

“கடைசியில் சக 6 தானே சேர், பிறகு ஏன் மைனஸ் வருது?”

சிக்கல் அங்கேதான். −2ஐ வெளியே எடுப்பது என்றால் இரண்டு உறுப்பையும் −2ஆல் வகுப்பது. 6ஐ −2ஆல் வகுத்தால் −3. “குறி மாறும்” என்று மனப்பாடம் செய்த பிள்ளைக்கு இந்த வகுத்தல் கண்ணில் படுவதே இல்லை.

க(ம − 3) − 2(ம − 3) = (ம − 3)(க − 2)

சிலர் இடப்பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அங்கே இன்னும் இரண்டு உறுப்புகள் கழித்தலில் நிற்கின்றன, பெருக்கமாகவில்லை.

சோடி சேர்ப்பதும் மீன் கூறு போடுவது மாதிரித்தான், வந்த வரிசையிலேயே போட வேண்டியதில்லை. கம + 6 + 2ம + 3க என்று வந்தால் முதல் இரண்டுக்கும் பொதுவாக எதுவும் இல்லை. 3கவை முன்னுக்குக் கொண்டுவந்தால் வேலை முடிந்தது.

மூவுறுப்புக் கோவையில் தொலைவது 1. 2க² + 7க + 3 இல் 7கவை 6க + க என்று பிரித்தால் 2க(க + 3) + 1(க + 3) வரும். அந்த 1ஐ எழுதாமல் விட்டால் (2க + 1) கிடைக்காது.

விடையைச் சரிபார்க்க கவுக்கும் மவுக்கும் 1 போடச் சொல்வேன். முதல் கணக்கில் கோவையின் பெறுமானம் 2, விடையில் (−2)(−1)உம் 2. ஒத்துவராவிட்டால் பிழை நிச்சயம். ஒத்துவந்தாலும் ஒருதரம் பெருக்கிப் பார்ப்பது நல்லது. 0 போட்டால் கடைசி எண்ணை மட்டும்தான் சோதிக்கிறோம்.

அடுத்த கணக்கில் அந்தப் பிள்ளை +6க்குக் கீழே பென்சிலால் சின்னதாக 6 ÷ (−2) என்று எழுதி வைத்திருந்தாள்.