தொங்கும் மேல் இமைக்கு அறுவை சிகிச்சை: காப்பீடு எப்போது பணம் தரும்?

வயதானவர்கள் சிலர் பேருந்து எண்ணைப் படிக்கத் தலையைப் பின்னால் சாய்த்து, புருவத்தை நெற்றிவரை ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். மேல் இமைத் தோல் தளர்ந்து இமைமுடி மேல் திரைபோல விழுந்திருக்கும். இதைச் சரிசெய்ய அறுவை சிகிச்சை உண்டு. மருத்துவக் காப்பீட்டில் பணம் கேட்டால் மட்டும், ‘இது அழகுக்குச் செய்வது, கிடையாது’ என்று சொல்லிவிட வாய்ப்பு அதிகம்.

அந்தப் பதிலுக்கு அடிப்படை, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் (ஐஆர்டிஏஐ) 2019-இல் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வகுத்த விலக்குகளில் 8-ஆவது. தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்குப் பணம் இல்லை என்கிறது அது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்பு என்றால் உண்டு. உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்க மருத்துவ ரீதியாகத் தேவைப்பட்டாலும் உண்டு. அதற்குச் சிகிச்சை தரும் மருத்துவரின் சான்று வேண்டும். இறுக்கமான வாசகம்தான். பார்வை மறைகிறது என்று காட்டினால்தான் பேச்சே தொடங்கும்.

என்ன அறுவை சிகிச்சை என்பதும் முக்கியம். தோல் மட்டும் தொங்கினால், மருத்துவர் இமை மடிப்பில் கோடு வரைந்து, மிகுதித் தோலை இடுக்கியால் கிள்ளி அளந்து, நீள்வட்டமாக வெட்டி எடுத்துத் தைப்பார். இது பிளெஃபரோபிளாஸ்டி. அதிகமாக வெட்டினால் கண் மூடாது. அதனால்தான் அந்த அளவெடுப்பில் அவ்வளவு கவனம். இமையைத் தூக்கும் தசையே தளர்ந்திருந்தால் அது டோசிஸ். தோலை வெட்டிப் பயனில்லை, தசையை இழுத்துக் கட்ட வேண்டும். பிறவியிலேயே அந்தத் தசைக்கு வலு இல்லாத குழந்தைக்கு, இமையை நெற்றித் தசையோடு இணைத்துத் தூக்கி நிறுத்துவார்கள். இமை கண்மணியை மறைத்தபடியே விட்டால் அந்தக் கண் சோம்பேறிக் கண்ணாகிவிடும், அதாவது அதில் பார்வை சரியாக வளராது; ஆகவே இதை அழகு சிகிச்சை என்று தள்ளுவது நியாயமே இல்லை.

சரி, காகிதத்தில் என்ன வேண்டும்? பார்வைப் பரப்புச் சோதனையை (நேரே பார்க்கும்போது மேலும் பக்கங்களிலும் எவ்வளவு தெரிகிறது என்று அளப்பது) இரண்டு முறை எடுக்கச் சொல்லுங்கள்: இமையை அப்படியே விட்டு ஒருமுறை, டேப்பால் தூக்கி ஒட்டி ஒருமுறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் வாதம். நேராகப் பார்க்கும் புகைப்படம், கண்மணியில் தெரியும் ஒளிப்புள்ளியிலிருந்து இமை விளிம்புவரை எத்தனை மில்லிமீட்டர் என்ற குறிப்பு (வழக்கமாக 4 முதல் 5 வரை இருக்கும்) ஆகியவையும் சேரட்டும். ‘இமை சீரமைப்பு’ என்று மொட்டையாக எழுதிய கடிதம் போதாது.

இதையெல்லாம் அறுவைக்கு முன்பே அனுப்பி ஒப்புதல் கேளுங்கள். பணமில்லாச் சிகிச்சைக் (கேஷ்லெஸ்: நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டுவது) கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது 2024-ஆம் ஆண்டு விதி. மரத்துப்போக ஊசி போட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவது வழக்கம் என்பதால், பாலிசியில் ‘டே கேர்’ பிரிவைப் பார்த்துக்கொள்ளுங்கள். காத்திருப்புக் காலத்தையும் (பாலிசி எடுத்த பின் சில சிகிச்சைகளுக்குப் பணம் கிடைக்காத தொடக்கக் காலம்) பாருங்கள்.

மறுத்தால், எந்த விதியின்படி என்று எழுத்தில் வாங்குங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவு. ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, நிறுவனத்துக்கு வெளியே இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஓம்பட்ஸ்மன்) போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணமோ வக்கீலோ தேவையில்லை.

ஒன்று மட்டும்: இமை திடீரென விழுந்து, தலைவலியோ இரட்டைப் பார்வையோ கூடவே வந்தால் காப்பீட்டைப் பற்றி யோசிக்காதீர்கள், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.