தனி ஆள் கொடுக்கும் ஊழல் புகார்: எது நிற்கும்?

"நான் ஒருத்தன் நெனச்சா என்ன செய்யக் கழியும் சார்?" நாகர்கோவிலில் பணியாளர் வழக்குகள் பார்க்கிற என்னிடம் பலர் இப்படித்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். ஆயிரம் பேர் வேலை பார்க்கும் இடத்தை ஒருவர் திருத்திவிட முடியாது. ஆனால் ஒரு பில்லை, ஒரு கொள்முதலை யாரும் மூடி மறைக்க முடியாதபடி செய்ய ஒருவர் போதும். "இங்க எல்லாவனும் கள்ளன்" என்று பக்கம் பக்கமாக எழுதிய மனுவை யாரும் விசாரிப்பதில்லை. இன்ன தேதி, இன்ன பில், வராத சரக்குக்கு இன்னார் ஒப்பு என்று அரைப் பக்கம் எழுதினால் விசாரித்தே ஆக வேண்டும்.

மார்த்தாண்டம் பக்கத்து ஸ்டோர் கீப்பர் ஒருவர் வந்தார். சரக்கு பாதிதான் வரும், முழுசும் வந்ததாகப் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொல்வார்களாம். வந்த அளவை மட்டும் எழுதுங்கள், அதையே தேதியோடு மேலதிகாரிக்குக் குறிப்பாக அனுப்பி, நகலில் ஒப்புகை வாங்கிவையுங்கள் என்றேன். நாளைக்குத் தணிக்கை வந்தால் முதலில் மாட்டுவது கையெழுத்துப் போட்டவர்தான். வாயால் உத்தரவு போட்டவர் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. அவர் அப்படியே செய்தார். சீக்கிரமே மெமோ வந்தது, வேலைக்குத் தாமதமாக வந்தாராம்!

பழிவாங்கல் பெரும்பாலும் இந்த உருவில்தான் வரும். அரசு ஊழியர் என்றால் 17(பி), அதாவது பெரிய தண்டனை வரை போகக்கூடிய துறைக் குற்றச்சாட்டு. இல்லையென்றால் தொலைதூர மாற்றல். ஆகவே புகாருக்கு முன்னால் உங்கள் வருகைப் பதிவு, விடுப்புக் கடிதம், பயணப்படி பில், வாங்கிய முன்பணம் எல்லாவற்றையும் நேராக்கிக்கொள்ளுங்கள். நேர்மையான ஆட்கள் இந்த விஷயத்தில்தான் அசட்டையாக இருக்கிறார்கள்.

லஞ்சம் கேட்கிறார்கள் என்றால் வேலை கொஞ்சம் எளிது. பணம் கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போங்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தில் வந்த 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவரும் குற்றவாளிதான். கட்டாயத்தின் பேரில் கொடுத்திருந்தால் 7 நாளுக்குள் புகார் சொன்னால்தான் தப்பலாம். முன்பே போனால் அவர்கள் பொறி வைத்துப் பிடிப்பார்கள்: பினாப்தலின் என்ற ரசாயனப் பொடி தடவிய நோட்டை வாங்கிய கை சோடியம் கார்பனேட் கரைசலில் பட்டால் நிறம் இளஞ்சிவப்பாகும். புகார்தாரர் பின்னால் பிறழ்சாட்சியானாலும், இறந்தே போனாலும், கேட்டதையும் வாங்கியதையும் மற்ற சான்றுகளால் நிரூபிக்கலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2022 டிசம்பரில் சொல்லிவிட்டது.

கோப்பில் நடந்த ஊழல் வேறு. அதிகாரி எடுத்த முடிவை விசாரிக்க அதே சட்டத்தின் 17ஏ பிரிவின்படி அரசின் முன் அனுமதி வேண்டும். கையும் களவுமாகப் பிடிபட்டவருக்கு அது தேவையில்லை. அந்த அனுமதிக்குக் காத்திருந்து சலித்தே பலர் விட்டுவிடுகிறார்கள்.

ரயில்வே, வங்கி, மத்தியப் பொதுத்துறை நிறுவனத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வாசல் உண்டு. தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதி, தன் பெயரை ரகசியமாக வைக்கக் கேட்ட பொறியாளர் சத்யேந்திர துபே 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகுதான், 2004இல், புகார்தாரர் பெயரை மறைத்துவைத்து மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் விசாரிக்கும் ஏற்பாடு வந்தது. உறையின் மேல் உங்கள் பெயர் வேண்டாம், உள்ளே கட்டாயம் வேண்டும். மொட்டைக் கடுதாசியை இதில் எடுக்க மாட்டார்கள். 2014இல் நிறைவேறிய புகார்தாரர் பாதுகாப்புச் சட்டமோ இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. மாநில ஊழியருக்கு இந்த ரகசிய ஏற்பாடும் கிடையாது. அதனால்தான் சக ஊழியர் ஒருவரையாவது சேர்த்துக்கொண்டு வாருங்கள் என்பேன்.

அசல் கோப்பை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். திருட்டு வழக்கு உங்கள் மேலேயே திரும்பும். பில் எண்ணும் தேதியும் குறித்துவைத்தால் போதும். பிறகு 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். அந்த மனுவில் உங்கள் பெயர் இருக்கும் என்பதால், புகார் போய்ச் சேர்ந்த பிறகு போடுங்கள். பேச்சைப் பதிவு செய்திருந்தால் அந்த போனை விற்கவோ மாற்றவோ வேண்டாம். நீதிமன்றம் பதிவோடு, அது அந்த போனில் எடுத்ததுதான் என்ற சான்றிதழும் கேட்கும்.