உச்சி வெயிலில் பிளாஷ்: லீஃப் ஷட்டரின் வேலை

தனுஷ்கோடியில் நண்பகலில் ஒருவரைப் படமெடுத்துப் பாருங்கள். கேமராவில் வெண்மணலுக்கும் வானத்துக்கும் ஒளி அளவு வைத்தால் தலைப்பாகைக்குக் கீழே கண்கள் கறுத்துப்போகும். முகத்துக்கு அளவு வைத்தால் அரிச்சல்முனை வானம் வெளுத்துக் காணாமல் போகும். வெயிலுக்குப் பயந்து மாலைவரை காத்திருப்பவர்களே அதிகம். ஆனால் இந்தக் கரையின் உழைப்பு பெரும்பாலும் பட்டப்பகலில்தான் நடக்கிறது. அதைப் பதிவுசெய்ய விரும்புபவர் நிழல் விழுந்த முகத்துக்கு பிளாஷ் ஒளி கொடுத்தே ஆக வேண்டும்.

சிக்கல், ஃபிலிமில் ஒளி விழும் நேரத்தை ஆளும் ஷட்டரில் இருக்கிறது. பென்டாக்ஸ் 67 போன்ற பெரிய ஃபிலிம் கேமராவில் ஷட்டர் ஃபிலிமுக்குச் சற்று முன்னால் இருக்கும். முதல் திரை விலகி ஃபிலிமைத் திறக்கும், இரண்டாவது திரை பின்னாலேயே வந்து மூடும். வேகம் கூடினால் முதல் திரை ஓடி முடிக்கும் முன்பே இரண்டாவது கிளம்பிவிடும். ஃபிலிமின் மேல் ஒரு பிளவு மட்டும் நகர்ந்து போகும். பிளாஷ் ஒளியோ ஏறத்தாழ 1/1000 நொடியில் முடிந்துவிடும். அந்தக் கணத்தில் பிளவு நின்ற பகுதிக்கு மட்டுமே ஒளி கிடைக்கும், மீதிக்குக் கிடைக்காது. முழு ஃபிலிமும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் வேகம் அந்தக் கேமராவில் 1/30 நொடிதான்.

ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100 உள்ள ஃபிலிமுக்கு நல்ல வெயிலில் 1/125 நொடி, எஃப் 16 என்பது பழகிய கணக்கு. எஃப் எண் என்பது லென்ஸின் திறப்பான அப்பர்ச்சரின் அளவு, எண் கூடினால் திறப்பு சுருங்கும். 1/30 என்றால் எஃப் 32 வேண்டும். அந்தக் கேமராவின் 105 மி.மீ. லென்ஸ் எஃப் 22-உடன் நின்றுவிடும். பாம்பன் தீவின் குந்துகாலில் வீச்சுவலை எறியும் கை அந்த வேகத்தில் கலங்கியும் போகும்.

லீஃப் ஷட்டர் இருப்பது லென்ஸுக்குள்ளே, அப்பர்ச்சரை ஒட்டி. மெல்லிய உலோகத் தகடுகள் சில, பழைய பாம்பன் ரயில் பாலத்தின் தூக்குப்பகுதி இரண்டாகப் பிரிந்து எழுந்ததுபோல, நடுவிலிருந்து ஓரத்துக்கு விலகும். இடம் மாறியதால் எல்லாமே மாறுகிறது. முகத்தின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் ஒளி அப்பர்ச்சரின் முழு வட்டத்திலும் பரவிக் கடந்த பிறகே ஃபிலிமில் மறுபடி ஒரு புள்ளியாகச் சேர்கிறது. அதனால் பாதி திறந்த தகடு படத்தில் எந்தப் பகுதியையும் வெட்டாது. படம் முழுவதையும் ஒரே சீராக மங்கச்செய்யும், அவ்வளவுதான். எந்த வேகத்திலும் தகடுகள் முழுதாக விரிந்து நிற்கும் ஒரு கணம் உண்டு. பிளாஷ் அந்தக் கணத்தில் வெடிக்கும். பென்டாக்ஸே தன் 67-க்கு 90, 165 மி.மீ. அளவுகளில் லீஃப் ஷட்டர் லென்ஸ்களைச் செய்து கொடுத்தது.

இனி கணக்கு இனிக்கும். பிளாஷின் வலிமையைச் சொல்லும் கைடு எண் 32 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதை எஃப் எண்ணால் வகுத்தால் ஒளி எட்டும் தூரம் வரும். எஃப் 16-இல் 2 மீட்டர். ஷட்டரை 1/500-க்கு ஏற்றி எஃப் 8 வைத்தால் வெயிலின் அளவு அப்படியே இருக்கும், பிளாஷோ 4 மீட்டர் எட்டும். சின்னப்பாலத்தில் பாசி எடுத்துவிட்டுக் கரையேறும் பெண்களை நெருங்கித் தொந்தரவு செய்யாமலே எடுத்துவிடலாம். 2 மீட்டரிலேயே நின்று, எஃப் 16-ஐ மாற்றாமல் 1/500 வைத்தால் வானம் இரண்டு ஸ்டாப், அதாவது நாலில் ஒரு பங்கு ஒளியாக, இருண்டு ஆழ்ந்த நீலமாகும், முகம் சரியான ஒளியில் நிற்கும். வெயிலையும் பிளாஷையும் தனித்தனியாக ஆள முடிவதுதான் இந்த லென்ஸ்களின் பெருமை என்பேன்.

எல்லையும் உண்டு. தகடு விரிந்து, நின்று, திரும்பி மூட வேண்டும். அதனால் 1957-இல் வந்த ஹாஸல்பிளாட் 500சி கேமராவின் உச்சவேகம் 1/500, மாமியா ஆர்பி67-இல் 1/400. இன்றைய ஹாஸல்பிளாட் எக்ஸ்சிடி லென்ஸ்கள் பல 1/2000 வரை போகின்றன. அந்த வேகத்தில் பிளாஷ் ஒளியின் வால் நீண்டால் ஷட்டர் அதை வெட்டிவிடும். கம்பியில்லாமல் பிளாஷை இயக்கும் மந்தமான ரேடியோ டிரிக்கரும் தாமதித்துக் கெடுக்கும், கேபிளே நம்பகமானது.

பழைய லென்ஸ் வாங்கினால் சிறு நெம்புகோலைக் கவனியுங்கள். எக்ஸ் என்ற நிலை மின்னணு பிளாஷுக்கு, எம் பழைய பிளாஷ் பல்புக்கு. எம்-இல் வைத்தால் தகடு திறக்கும் முன்பே மின்னணு பிளாஷ் அடித்து ஓய்ந்துவிடும். ஹாஸல்பிளாடில் ஃபிலிம் பெட்டியைக் கழற்றி, பிளாஷை ஒரு வெள்ளைச் சுவர் பக்கம் திருப்பி, பின்னாலிருந்து லென்ஸ் வழியே அந்தச் சுவரைப் பார்த்தபடி 1/500-இல் அழுத்துங்கள். அப்பர்ச்சரின் முழு வட்டமும் பளிச்சென்று தெரிந்தால் லென்ஸ் சரியாக வேலை செய்கிறது. எதுவும் தெரியாவிட்டால் முதலில் அந்த நெம்புகோலையும், பிறகு உப்புக்காற்றில் பச்சை பூத்த கேபிள் முனையையும் பாருங்கள்.