ஓவர்ரைடு என்றால் மேலெழுதுவது அல்ல

நாகர்கோவிலில் என்னிடம் லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தைப் படிக்கும் பையன் ஒருவன் போன வாரம் அரை நாளை வீணாக்கிவிட்டான். ‘நிர்வாகி வைத்த நினைவக அமைப்பை நிரல் மேலெழுதலாம்’ என்று ஒரு தமிழ்க் கையேட்டில் படித்துவிட்டு, எந்தக் கோப்பில் எண் மாறியிருக்கிறது என்று தேடியிருக்கிறான். எதுவும் மாறவில்லை. இந்த ‘மேலெழுது’வைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கு உரிய சொல் ஓவர்ரைடு (override). அதில் ரைடு என்பது குதிரை ஓட்டுவது. ஒருவர் மேல் குதிரையை ஏற்றி ஓட்டிப் போவதிலிருந்து, ஒருவர் சொல்லை ஒதுக்கித் தன் சொல்லை நடத்துவது என்ற பொருள் வந்தது. எழுத்துக்கு இதில் வேலையே இல்லை. எழுதுவது ஓவர்ரைட் (overwrite). காதில் இரண்டும் ஒன்றுபோல விழுவதால் வந்த குழப்பம் இது, மொழிபெயர்ப்பவர் ஒரு நிமிடம் நின்று பார்த்திருந்தால் வந்திருக்காது.

லினக்ஸில் ஓவர்கமிட் என்று ஓர் அமைப்பு உண்டு, இருப்பதைவிட அதிக நினைவகத்தை நிரல்களுக்குத் தர ஒப்புக்கொள்ளலாமா என்பதைச் சொல்வது. அது வழக்கமாக 0. கைவசம் இருப்பதைவிட மிக அதிகமாக நினைவகம் கேட்டால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் மறுக்கும். ஆனால் ஒரு நிரல் மேப்_நோரிசர்வ் (MAP_NORESERVE) என்ற கொடியோடு, அதாவது ‘எனக்கென்று ஒதுக்கிவைக்க வேண்டாம்’ என்ற குறிப்போடு கேட்டால், அதைக் கணக்கில் சேர்க்காமலே கொடுத்துவிடும். 0 அப்படியே 0 ஆகத்தான் இருக்கிறது. இதில் எதை எழுதினார்கள், எதன் மேல் எழுதினார்கள்?

பேச்சிப்பாறை அணைத் தண்ணீரை முறை வைத்து விடும்போது ஒருவர் ராத்திரி போய் மடையைத் திறந்துவிட்டால், முறையை மீறிவிட்டார் என்போம். முறையை மேலெழுதினார் என்று நம்மூரில் யாராவது சொல்வார்களா? ஏட்டில் முறை அப்படியே இருக்கும், காய்வது கடைமடைக்காரர் வயல். நினைவகத்திலும் இதே கதைதான், அள்ளிக்கொண்டது ஒரு நிரல், நினைவகம் தீர்ந்ததும் கெர்னல் கொல்வது, அதாவது பாதியில் நிறுத்துவது, வேறொரு நிரலாக இருக்கலாம்.

ஆகவே ஓவர்ரைடுக்குத் தமிழ் மீறு. மீ என்றால் மேல், ஓவர் அதிலேயே வந்துவிடுகிறது. மீறு என்றால் குற்றம் சொல்வதுபோல இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், நிர்வாகி யோசித்து வைத்ததை ஒரு நிரல் தன் வசதிக்காகத் தாண்டுவது எனக்குக் குற்றமாகத்தான் படுகிறது. மேலெழுது என்ற சொல்லைக் கோப்புக்கு விட்டுவிடுங்கள், அங்கே அது நல்ல சொல். இதற்கும் அதையே போட்டால் நிஜமாகவே ஒரு கோப்பு அழிந்து எழுதப்படும்போது என்ன சொல்வீர்கள்?

பையனிடம் அந்த வரியை ‘மீறலாம்’ என்று திருத்தச் சொன்னேன். திருத்தியதுமே, “அப்போ மீற விடாம வைக்க முடியாதா சார்?” என்று கேட்டான். முடியும். ஓவர்கமிட்டை 2 என்று வைத்தால் அந்தக் கொடியைக் கெர்னல் கண்டுகொள்ளாது.