‘ஃபேக்டரி டீம்’ என்றால் எந்த ஃபேக்டரி?

ஃபேக்டரி டீம்: மோட்டார் சைக்கிள் தயாரிக்கும் கம்பெனியே தன் பணத்தைப் போட்டு, தன் பொறியாளர்களை வைத்து, தன்னோடு ஒப்பந்தம் செய்த வீரர்களை ஏற்றிப் பந்தயத்தில் இறக்கும் அணி. பிரிட்டிஷ்காரர்கள் ‘வொர்க்ஸ் டீம்’ என்பார்கள்.

செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு முதல்முறை வருகிற ஒருவர், “ஏனுங்க, எல்லா வண்டியுமே ஃபேக்டரியில செஞ்சதுதானுங்களே?” என்று கேட்டால் அதில் தப்பே இல்லை. கோவையில் ஃபேக்டரி என்றால் பவுண்டரி, மில், பம்ப்செட் கம்பெனி. கணபதி, பீளமேடு பக்கம் போனால் ‘இன்ஜினியரிங் வொர்க்ஸ்’ பலகைகளுக்குப் பஞ்சமில்லை. நமக்கு அது ஓர் இடம். பந்தயத்தில் அதே சொல் பொறுப்பைக் குறிக்கிறது: செலவு யாருடையது, முடிவு யாருடையது, தோற்றால் பேர் கெடுவது யாருக்கு?

சொல்லின் வேர் லத்தீன். ‘ஃபேக்டர்’ என்றால் செய்பவர். வணிகத்தில் அது முதலாளிக்காகச் சரக்கு வாங்கி விற்கும் முகவரைக் குறித்தது. அந்த முகவர்கள் தங்கிச் சரக்கை இருப்பு வைத்த இடம் ஃபேக்டரி ஆனது. 17-ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி நம் கரையில் நடத்திய ‘ஃபேக்டரி’கள் இந்த வகைதான். வரலாற்று நூல்கள் அவற்றைப் பண்டகசாலை என்று எழுதுவது அதனால்தான். இயந்திரங்கள் ஓடும் உற்பத்திக்கூடம் என்ற பொருள் பின்னால் ஓங்கியது. கும்பினியும் ஃபேக்டரியும் ஒரே கப்பலில் வந்திறங்கிய சொற்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

சில சூப்பர்பைக் பந்தயங்களில் ஃபேக்டரி டீம்கள் இல்லை என்று செய்தி வருகிறதே, அவை ஏன் வருவதில்லை?

சூப்பர்பைக் பந்தயத்தின் அடிப்படையே, கடையில் விற்கும் வண்டியை மாற்றியமைத்து ஓட்டுவது. அதனால் கம்பெனி நேராக வராவிட்டாலும் அதன் வண்டி களத்தில் இருக்கும். ஜப்பானின் சுசுகா 8 மணி நேரப் பந்தயத்தைப் பாருங்கள். 1978-ல் தொடங்கியது, அந்தத் தடமே ஹோண்டா குழுமத்துக்குச் சொந்தம். அப்படியிருந்தும் ஹோண்டாவின் பந்தயப் பிரிவான எச்ஆர்சி, பத்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2018-ல்தான் தன் நேரடி அணியை அங்கே மறுபடி இறக்கியது. இடையில் 2011, 2012-ல் டிஎஸ்ஆர், 2013, 2014-ல் ஹார்க்-ப்ரோ என்று தனி அணிகள் ஹோண்டா வண்டியில் வென்றுகொடுத்தன. வெற்றி விளம்பரம் எப்படியும் வந்துவிடுகிறது. தோற்றால் மட்டும், “கம்பெனி தோற்கவில்லை, அந்த அணி தோற்றது” என்று சொல்லிக்கொள்ள இடமிருக்கிறது. கெட்டிக்கார வியாபாரம்தான், வேறென்ன?

இன்னொரு காரணம் பணம் எங்கே பாய்கிறது என்பது. 2002-ல், பந்தயத்துக்கென்றே செய்த வண்டிகள் ஓடும் உலகப் போட்டியான மோட்டோஜிபியில் 990 சிசி நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள் வந்தன. அதே ஆண்டு அமெரிக்க வீரர் காலின் எட்வர்ட்ஸ் ஹோண்டாவுக்கு உலக சூப்பர்பைக் பட்டம் வென்று தந்தார். பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஹோண்டா அங்கிருந்து தன் நேரடி அணியை எடுத்துக்கொண்டது. பொறியாளர்களும் காசும் மோட்டோஜிபி பக்கம் போயின.

அப்புறம் விதி. 2004 முதல் உலக சூப்பர்பைக்கில் எல்லோருக்கும் பிரெல்லி டயர் மட்டுமே என்று அமைப்பாளர்கள் முடிவெடுத்தார்கள். தயாரிப்பாளர் அணிக்கு டயர் வெறும் ரப்பர் வளையம் அல்ல. டயர் கம்பெனியோடு சேர்ந்து மாதக்கணக்கில் சோதித்து, சட்டகம், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் அதற்கேற்ப அமைத்திருப்பார்கள். எல்லோருக்கும் ஒரே டயர் என்றால் அந்த உழைப்பின் பலன் போய்விடும். ஜப்பானியக் கம்பெனிகள் அதிகாரபூர்வமாகக் கலந்துகொள்வதிலிருந்து ஒதுங்கின. அந்த இடைவெளியில் முன்னுக்கு வந்தது டென் கேட் அணி. நெதர்லாந்தில் பைக் விற்கும் கடைக்காரர்களின் அணி. 2007-ல் பிரிட்டிஷ் வீரர் ஜேம்ஸ் டோஸ்லண்ட் ஹோண்டா வண்டியில் அந்த அணிக்காகத்தான் உலகப் பட்டம் வென்றார். எனக்கென்னவோ, பெரிய அணிகள் வராத ஆண்டுகளைச் சப்பென்று ஒதுக்கிவிடுவது சரியில்லை என்றே படுகிறது.

இனித் தமிழ்ச் சொல். ‘தொழிற்சாலை அணி’ என்று சிலர் எழுதுகிறார்கள். ஆலைத் தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடச் சேர்த்த அணி போல ஒலிக்கிறது. ‘நிறுவன அணி’யும் தெளிவில்லை, விளம்பரதாரரும் ஒரு நிறுவனம்தானே. ‘தயாரிப்பாளர் அணி’ என்பதே பொருளுக்கு நெருக்கம். தயாரிப்பாளர் என்றதும் சினிமா ஞாபகம் வரும், அது வரட்டும். பேச்சில் ‘கம்பெனி டீம்’ இன்னும் பொருத்தம். ‘கம்பெனி சர்வீஸ்’ என்று வண்டியை விடுகிறவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது.

ஃபேக்டரி டீமுக்கு எதிர்ச்சொல்லான ‘பிரைவடியர்’, போர்க்காலத்தில் அரசு அனுமதியோடு எதிரிக் கப்பல்களைப் பிடித்த தனியார் கப்பலுக்கு இருந்த பெயர். இதைத் ‘தனியார் அணி’ என்றால் குழப்பம், ஏனென்றால் ஹோண்டாவும் யமஹாவும் தனியார்தான். ‘தனி அணி’ போதும்.

செய்தி எழுதுகிறவர்கள் இதில் கொஞ்சம் கவனமாக இருக்கலாம். ‘ஹோண்டா பந்தயத்தில் இல்லை’ என்று தலைப்புப் போட்டுவிட்டு, முடிவுப் பட்டியலில் ஹோண்டாவை முதலிடத்தில் அச்சிட்டால் வாசகர் என்ன நினைப்பார்? ‘ஹோண்டாவின் தயாரிப்பாளர் அணி வரவில்லை, தனி அணிகள் ஹோண்டா வண்டிகளை ஓட்டின’ என்று எழுத ஒரு வரிதான் கூடுதலாக ஆகும்.