ஆக்ஷேபஹாஸ்யம்: தமிழில் என்ன சொல்லலாம்?

மலையாளப் படங்களைப் பற்றி மலையாளிகளே எழுதும் விமர்சனங்களில் 'ஆக்ஷேபஹாஸ்யம்' என்ற சொல் அடிக்கடி வரும். 'பஞ்சவடிப்பாலம்', 'சந்தேசம்' போன்ற அரசியல் கிண்டல் படங்களை இந்த வகையில்தான் சேர்ப்பார்கள். சட்டயர் (satire), அதாவது குறைகளைச் சிரிப்போடு சாடுவது என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் இது.

இதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் சிக்கல். ஆட்சேபம் என்றால் நமக்கு மறுப்பு. 'ஆட்சேபணை ஏதாவது உண்டா?' என்று கேட்கிறோமே, அது. மலையாளத்தில் இதே சொல்லுக்குப் பழிப்பு, அவமதிப்பு என்ற பொருளும் உண்டு. வடமொழியில் 'க்ஷிப்' என்ற வேருக்கு எறிதல் என்று பொருள். ஒருவர் மேல் எறியும் பழி ஆக்ஷேபம், கூடவே வரும் சிரிப்பு ஹாஸ்யம். லத்தீனிலிருந்து வந்த சட்டயருக்கு இந்தக் கோபம் கிடையாது. அதன் மூலமான 'சதுரா' பலவும் கலந்து நிறைந்ததைக் குறித்த சொல்.

பழித்துச் சிரிக்கும் பழக்கம் கேரளத்தில் சினிமாவுக்கு வெகுகாலம் முந்தியது. கூத்து மேடையில் சாக்கியார் (கூத்து நடத்தும் கலைஞர்) எதிரே உட்கார்ந்திருப்பவர்களையே கிண்டல் செய்வார். அரசனே ஆனாலும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். (சேரன் செங்குட்டுவன் முன் ஆடிய பறையூர்க் கூத்தச் சாக்கையனைச் சிலப்பதிகாரத்தில் பார்க்கலாம்.) 18ஆம் நூற்றாண்டில் கவிஞர் குஞ்சன் நம்பியார் துள்ளல் என்ற ஆடிப்பாடும் கலையில் அதைப் பேச்சுமொழிக்கு இறக்கினார். புராணக் கதைதான் சொல்வார், அடி விழுவது உள்ளூர்ப் பெரிய மனிதர்களுக்கு.

சரி, தமிழில்? நையாண்டி இருக்கிறது, ஆனால் வெறும் கேலிக்கும் அதையே சொல்கிறோம். பகடி இன்னொன்றைப் போலச் செய்து கிண்டலடிப்பது, அது பாரடி. பொருத்தமான சொல் அங்கதம். தோள்வளை, வாலியின் மகன் எல்லாம் நினைவுக்கு வரலாம். இது தொல்காப்பியச் செய்யுளியலில் வரும் அங்கதம். அங்கே இது இரண்டு வகை: நேராகத் திட்டினால் செம்பொருள் அங்கதம், அதற்கு வசை என்றே பெயர். பழியை மறைத்துச் சொன்னால் பழிகரப்பு. தொண்டைமானின் படைக்கலங்கள் மாலை சூடி, நெய் பூசி அழகாக இருக்கின்றன, அதியமானுடையவையோ முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவையார் பாடியது (புறநானூறு 95) பழிகரப்புக்கு நல்ல உதாரணம். கேட்பவர் காதில் அது புகழ்ச்சியாகவே விழும், உள்ளே இருப்பதோ தொண்டைமானின் ஆயுதங்கள் போரே பார்க்காதவை என்ற குத்தல்.

இந்தப் பிரிவினை மலையாளப் படங்களுக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. கே.ஜி. ஜார்ஜின் 'பஞ்சவடிப்பாலம்' (1984) முழுக்கப் பழிகரப்பு. நன்றாக இருக்கும் பாலத்தை இடித்துவிட்டுப் புதுப் பாலம் கட்டுகிறது ஒரு பஞ்சாயத்து. அந்தப் பாலம் சரிகிறது. தலைவர் பெயரே துச்சாசனக் குறுப்பு. யாரும் உபதேசம் செய்வதில்லை. கொச்சியில் 2016இல் திறந்த பாலாரிவட்டம் மேம்பாலத்தைப் பழுதினால் 2019இல் மூடியபோது, கேரளத்தில் பலர் வாயில் வந்தது இந்தப் படத்தின் பெயர்தான்.

ஸ்ரீனிவாசன் எழுதி சத்யன் அந்திக்காடு இயக்கிய 'சந்தேசம்' (1991) இதைவிடப் பிரபலம். ஒரே வீட்டில் எதிரெதிர்க் கட்சியில் இரண்டு பிள்ளைகள். கட்சிப் பெயர்கள் கற்பனை, ஆனால் எது எந்தக் கட்சி என்று குழந்தைக்கும் தெரியும். தேர்தலில் ஏன் தோற்றோம் என்று கேட்கும் தொண்டனுக்கு, சங்கராடி நடித்த குமாரபிள்ளை 'தாத்விகமான அவலோகனம்' (கொள்கை ரீதியான அலசல்) நடத்தி ஒன்றும் புரியாமல் செய்வார். அண்ணன் தம்பி சண்டையில் வரும் 'போளண்டினெப்பற்றி ஒரக்ஷரம் மிண்டருது' (போலந்தைப் பற்றி ஓர் எழுத்துகூடப் பேசாதே) இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதுவரை அசல் பழிகரப்பு. கடைசியில் அப்பாவாக வரும் திலகன் பிள்ளைகளை வெளியே அனுப்பி, படிப்பையும் வேலையையும் பார்க்கச் சொல்லும்போது படம் செம்பொருளுக்கு மாறிவிடுகிறது. அரசியலே வேண்டாம் என்று சொல்கிற 'அராஷ்ட்ரீய' படம் என்ற விமர்சனம் கேரளத்தில் எழுந்ததற்கு அந்தப் பகுதிதான் இடம் கொடுத்தது என்பது என் எண்ணம்.

ஆகவே பொலிட்டிக்கல் சட்டயர் என்பதை அரசியல் அங்கதம் என்றும், அந்த வகைப் படத்தை அங்கதப் படம் என்றும் எழுதலாம். ஸ்பூஃப் வந்தால் மட்டும் பகடியை எடுத்துக்கொள்ளுங்கள்.